காகிதப் பைக்குள் மாங்காய்

“துரை, அந்த பிரஷைக் கொஞ்சம் கீழ வைங்க. இது காய்ச்ச மரம்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது பொய் என்பது சிங்காரத்துக்கே உறைத்தது.

தோட்ட நிர்வாகியான சின்னத் துரை லோகேஸ்வரன் சிவப்புப் பெயிண்டில் தோய்த்த பிரஷை அந்தரத்தில் நிறுத்தினார். கேமரன் மலைக்குத் தேயிலை பார்க்க வரும் சுற்றுலா வேன்களுக்காக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் புதுப் பாதை போடப்போகிறார்கள். வெட்ட வேண்டிய மரங்களுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தவர், சிங்காரத்தின் கொல்லைக்கு வந்து சேர்ந்திருந்தார். பெயிண்ட் ஒரு சொட்டு அவருடைய சப்பாத்துக் காலில் விழுந்தது.

“காய்ச்ச மரமா? காய் எங்கண்ணே?”

“இப்பத்தான் பிஞ்சு விட்டிருக்கு. இலைக்குள்ள இருக்கு.”

லோகேஸ்வரன் குனிந்து பார்த்தார். நெஞ்சு உயரத்துக்கு, மேசை போட்டதுபோல் தலை தட்டையாக, அடர்த்தியாக நின்றது மாமரம். இலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணும் காணோமே.”

“இது ஹருமானிஸ் ரகம் துரை. கொஞ்சம் கூச்சப்படும். அந்நிய ஆளு பார்த்தா பிஞ்சு உதிர்ந்துரும்.”

வேறு மரமாக இருந்தால் சின்னத் துரை இரண்டாவது கேள்வி கேட்டிருக்க மாட்டார். ஆனால் தோட்டத்து முதலாளியான பெரிய துரை குகனேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காய்க்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. அது பாவம் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மற்ற எதற்கும் பயப்படாத மனிதர், அம்மா சொன்ன இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படுவார்.

“சரிண்ணே. வியாழக்கிழமை வர்றேன். காயைக் காட்டுங்க, பாதையை வேற பக்கம் திருப்பிடலாம். காட்டலைன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அவர் போன பிறகு சிங்காரம் மரத்தைச் சுற்றி வந்தார். பிஞ்சும் இல்லை, பூவும் இல்லை. ஏழு வருஷமாக இல்லாதது ஒரு பொய்க்கு மரியாதை கொடுத்து உடனே வந்துவிடுமா என்ன?

சிங்காரம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். குடியிருப்பது தோட்டத்து வீடு. ஓட்டுவது தோட்டத்து லோரி. போட்டுக்கொள்ளும் சட்டையின் முதுகிலும் தோட்டத்தின் பெயர். அவருக்கென்று இந்த மலையில் வேர் பிடித்து நின்றது அந்த மாமரம் ஒன்றுதான். அதனால்தான் அதன்மேல் அத்தனை பிரியம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

மரம் வந்த கதை இதுதான். வடக்கே பெர்லிஸில் ஓர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தி முடிந்ததும் ஒரு பழம் நறுக்கி வைத்தார்கள். தோல் பச்சை. ‘காயைப் போய் வைக்கிறாங்களே’ என்று மனதுக்குள் சலித்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டார். உள்ளே மஞ்சள்கூட இல்லை, நல்ல ஆரஞ்சு. நார் கிடையாது. வாசனை மூக்குக்குள் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. அன்றைக்கு மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கேட்டால் சிங்காரத்துக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பழத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் சொல்லுவார்.

ஊர் திரும்பும்போது ஒரு கன்று வாங்கினார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது, வளைவுக்கு வளைவு இராசம்மா வாந்தி எடுத்தாள். அவர் கன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

கன்று விற்றவர் ஒரு புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். “கொழுந்து முத்தினதும் அதோட நுனியிலதான் பூ வரும். நுனியையே பார்த்துக்கிட்டு இருங்க.” சிங்காரம் ஏழு வருஷமாக நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து தளதளவென்று வரும். பூ மட்டும் வராது.

காரணம் கண்டுபிடிப்பதில் அவர் குறை வைக்கவில்லை. முதலில் குளிர் என்றார். பிறகு பனி. பிறகு தானா ராத்தா ஊரிலிருந்து வரும் மோட்டார்க் காடிப் புகை. தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் தோரணத்துக்கு மாவிலை கேட்டு இங்கேதான் வருவார்கள்; ஆகவே ஊர்க் கண் என்றும் சொல்லிப் பார்த்தார். மரம் உயரமாகவும் போகவில்லை, பக்கவாட்டில்தான் பரந்தது. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். வாசல் செம்பருத்தியும் தட்டை, கறிவேப்பிலையும் தட்டை, துளசியும் தட்டை. “இந்த மண்ணு வாகு அப்படி” என்று முடிவு கட்டிவிட்டார் சிங்காரம்.

இராசம்மாவுக்கு மரத்தின்மேல் பிரியம் அவரைவிடக் குறைவில்லை. முப்பது வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவள். மிஷின் வந்த பிறகு வேலை நின்று வீட்டில் இருக்கிறாள். தினமும் விடிந்ததும் தேத்தண்ணிக் கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, மரத்துக்கு முன்னால் நின்று மாரியம்மாளிடம் முறையிடுவாள். “ஆத்தா, ஒரே ஒரு பூவைக் காட்டு. பால்குடம் எடுக்கிறேன்.” முறையீடு முடிய கால் மணி நேரமாவது ஆகும். அதற்குப் பிறகு மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்வது சிங்காரத்தின் வேலை.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் இராசம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“காய்ச்சிருக்குன்னு சொன்னீங்களா? எந்த வாயால சொன்னீங்க?”

“இருக்கிறது ஒரு வாய்தான புள்ள.”

“வியாழக்கிழமை வந்து கேட்டா எதைக் காட்டுவீங்க?”

சிங்காரம் யோசித்தார். பெர்லிஸில் அவர் பார்த்த மரங்களில் மாங்காயே கண்ணில் படவில்லை. வண்டு துளைக்காமல் இருக்க ஒவ்வொரு காயையும் காகிதப் பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். மரம் முழுக்கப் பைதான் தொங்கியது.

“காயை எதுக்குக் காட்டணும்? பையைக் காட்டினாப் போதும்லா” என்றார்.

பழைய பேப்பரில் இராசம்மா பை ஒட்டினாள். வெறும் பை காற்றில் ஆடுமே, கனத்துக்கு உருளைக்கிழங்கு போடலாமா என்று யோசித்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணியம்மா எட்டிப் பார்த்தாள். இராசம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுத்தவள். இப்போது கொல்லையில் கிழங்கும் மிளகாயும் போட்டுப் பிரிஞ்சாங் சந்தைக்குக் கொடுக்கிறாள். அந்தக் கொல்லைதான் அவளுக்குச் சோறு. பக்கத்து வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது. தெரிந்த பிறகு சும்மாவும் இருக்க மாட்டாள்.

“உருளைக்கிழங்கு உருண்டையா இருக்கும்ணே, தொட்டாத் தெரிஞ்சிரும். நம்ம சக்கரவள்ளிக் கிழங்கு தரவா? மாங்காய் மாதிரியே வளைஞ்சது நெறைய கெடக்கு.”

“நீ நல்லா இருக்கணும்மா” என்றார் சிங்காரம். பாவம், மனதாரத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை லோகேஸ்வரன் வந்து பார்த்தபோது, மரம் முழுக்கப் பை தொங்கியது. ஒன்றைத் தொட்டார். கனமாக, வளைவாக, கெட்டியாக இருந்தது.

“திங்கக்கிழமை பிஞ்சுன்னு சொன்னீங்க?”

“மலை மண்ணு துரை. கிடுகிடுன்னு வந்துருச்சு.”

“ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்களேன்.”

“ஐயோ, குளிர்க் காத்து பட்டா காம்பு விட்டுரும். அப்புறம் காய்ச்ச மரத்தைக் கெடுத்த பாவம் உங்களைத்தான் சேரும். பெரிய துரை கேட்டா நான் என்னா சொல்றது?”

சின்னத் துரை கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு நாலு கோணத்தில் படம் எடுத்தார். “கேமரன் மலையில் ஹருமானிஸ்! நம்ம தோட்டத்தில்!” என்று எழுதி அங்கே நின்றபடியே பெரிய துரைக்கு அனுப்பிவிட்டார். சிங்காரம் தடுப்பதற்குள் படம் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

பதிலும் உடனே வந்தது. லோகேஸ்வரன் முகம் மலர்ந்து படித்தார்.

“எப்பப் பழுக்கும்னு கேக்கிறாரு.”

“அது... இன்னும் மாசக்கணக்காகும்னு...”

“ஞாயித்துக்கிழமைன்னு போட்டுட்டேன்ணே. மூணு நாள்ல இவ்வளவு வளர்ந்தது இன்னும் மூணு நாள்ல பழுக்காதா? பெர்லிஸ்ல மாந்தோப்பு வெச்சிருக்கிற கூட்டாளியையும் கூட்டிக்கிட்டு வர்றாராம். சாப்பிட்டுப் பார்க்கணுமாம்.”

ஆழம் தெரியாமல் காலை விட்டவருக்கு இப்போது கழுத்து வரைக்கும் தண்ணீர்.

பிரிஞ்சாங் பழக்கடைகளில் கிடைத்ததெல்லாம் மஞ்சள் மாம்பழமும் சிவப்பு மாம்பழமும்தான். ஹருமானிஸ் என்றதும் கடைக்காரர்கள் வைரம் கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில், ஈப்போவுக்குக் கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்காரன் பக்கிரிசாமியைப் பிடித்தார். சிங்காரத்துக்கு மச்சான் முறை.

“மச்சான், தோல் பச்சையா இருக்கும். ஆனா பழம். ஏமாந்துறாத. மோந்து பாரு, மூக்குக்குள்ளயே குடியிருக்கணும்.”

“எவ்வளவு வேணும் மாமா?”

“கெடைக்கிறதெல்லாம் வாங்கிட்டு வா.”

கிடைத்தது ஆறு. சனிக்கிழமை காலையில் பக்கிரிசாமி அவற்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். வீடு முழுக்க வாசனை பரவியது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை! சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். ஒன்றை நறுக்கிச் சாப்பிட அவருடைய கை துடித்ததைப் பார்த்த இராசம்மா, கத்தியை எடுத்து ஒளித்து வைத்தாள்.

பூக் கட்டும் நூலால் ஒவ்வொரு பழத்தையும் காம்போடு சேர்த்து இறுக்கிக் கிளையில் கட்டினாள். முன்பக்கப் பைகளில் மாம்பழம். பழம் போதாததால் பின்பக்கப் பைகளில் கிழங்கு அப்படியே இருந்தது.

“முன்பக்கம் மட்டும் பறிச்சுக் கொடுத்தாப் போதும். பின்பக்கம் யாரும் போகாம பார்த்துக்க” என்றார் சிங்காரம்.

கட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது கோயில் தலைவர் நாகப்பன் வந்து நின்றார். கையில் பித்தளைத் தட்டு. முகத்தில் பக்தி.

“சிங்காரம், கேள்விப்பட்டேன்யா. மலையில மாங்காய் காய்ச்சது ஆத்தா அருள். மொதக் காய் அவளுக்குத்தானே? சாயங்காலப் பூசையில வெச்சிறலாம்.”

முதல் காய் அம்மனுக்கு என்பது வழக்கம். இல்லையென்று சொல்ல எந்தத் தமிழனுக்கும் நாக்கு வராது. சிங்காரம் ஒரு பையைப் பிரித்தார். பழத்தைக் கொடுத்தார். இராசம்மா அவரை இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள்.

“துரைகிட்ட பொய் சொன்னீங்க, சும்மா இருந்தேன். இப்ப ஆத்தாகிட்டயே சொல்றீங்களே! கடைப் பழத்தை மொதக் காய்னு படைச்சா கண்ணைக் குத்தாது?”

“நான் எங்க சொன்னேன்? நாகப்பன்தான சொல்றாரு. குத்தினா அவரு கண்ணைக் குத்தட்டும்.”

சாயங்காலம் கோயில் மைக்கில் நாகப்பன் அறிவித்தார். “நமது சிங்காரம் அவர்களின் சொந்த மரத்தில் விளைந்த முதல் கனி!” லயம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பிச் சிங்காரத்தைப் பார்த்தார்கள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இராசம்மா மட்டும் கும்பத்துக்குப் பக்கத்தில் போய், உதடு அசைய வெகுநேரம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி விலகுவதற்குள் லயம் முழுக்கக் கொல்லையில் கூடிவிட்டது. பெரிய துரையின் காடி வந்தது. குகனேஸ்வரன் இறங்கினார், பருத்த உடம்பு, குழந்தை முகம். அவரோடு இறங்கியவர் திருமாறன், பெர்லிஸ்காரர். வெயிலில் காய்ந்து கறுத்த, அதிகம் பேசாத மனிதர். இறங்கியதும் அவர் யாரையும் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தார்.

“எங்க சிங்காரம், நம்ம அதிசயம்?”

சிங்காரம் முன்பக்கத்துப் பையைப் பிரித்து, நூல் தெரியாமல் திருகிப் பறித்தார். இராசம்மா நறுக்கி வைத்தாள். பெரிய துரை ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டு. இன்னொரு பழம். சாறு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. துடைக்க நீட்டிய காகிதத்தை வேண்டாமென்று தள்ளினார். பெரிய துரை இத்தனை சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. திருமாறனும் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

“என்னா போடுறீங்க சிங்காரம் இதுக்கு?”

“தேயிலைத் தூள்தான் துரை. பாக்டரி வாசல்ல கொட்டிக் கெடக்கிறது.”

“பார்த்தீங்களா! நம்ம தேயிலை!” குகனேஸ்வரன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “இந்த மரத்துல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. சுத்தி வேலி போடணும், போர்டு வைக்கணும். வர்ற வேனெல்லாம் இங்க நின்னு பார்த்துட்டுப் போகணும். லோகேஸ்வரன், பாதையை அந்தப் பக்கமாத் திருப்புங்க.”

அவர் கை காட்டிய பக்கத்தில் மணியம்மாவின் கொல்லை இருந்தது. கிழங்குக் கொடி படர்ந்து, மிளகாய் சிவந்து நின்றது.

“அங்கதான் காய்க்கிற மரம் எதுவும் இல்லையே” என்று லோகேஸ்வரன் உடனே ஒத்துக்கொண்டார்.

மணியம்மா முதலில் தன் கொல்லையைப் பார்த்தாள். பிறகு சிங்காரத்தைப் பார்த்தாள். கிழங்கு கொடுத்த கைக்கு இதுவா கூலி என்று அந்தப் பார்வை கேட்டது. சிங்காரத்துக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மரம் பிழைத்த சந்தோஷம் அப்போதே கசந்துவிட்டது.

“இன்னும் ஒண்ணு. இதை என் கையாலயே பறிக்கிறேன்” என்றார் பெரிய துரை.

“துரை, முன்பக்கம் வாங்க, இங்க ஒண்ணு...”

“பரவாயில்ல, பின்னால பெரிசா தொங்குது.”

இராசம்மா குறுக்கே வந்தாள். பெரிய துரையின் உடம்புக்கு முன்னால் அது எடுபடவில்லை. அவர் ஒரு பையைப் பிடித்து இழுத்தார். பை கிழிந்து உள்ளே இருந்தது கைக்கு வந்தது. ஊதா நிறம். ஒரு முனையில் வேர். கொஞ்சம் மண்ணும் ஒட்டியிருந்தது.

பெரிய துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிங்காரம், இது என்ன ரகம்?”

பதில் வேலிப் பக்கத்திலிருந்து வந்தது.

“அது என் தோட்டத்துக் கிழங்கு துரை” என்றாள் மணியம்மா. “நீங்க பாதை போடச் சொன்னீங்களே, அங்க விளைஞ்சது.”

அதற்குப் பிறகு சிங்காரம் எதையும் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவர், ஒரு கிழங்கைப் பையில் மறைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். பெயிண்ட், பொய், பை, பக்கிரிசாமி, பூ நூல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல லோகேஸ்வரன் முகம் பெயிண்ட் நிறத்துக்கு வந்தது.

“எதுக்குய்யா இதெல்லாம்?” என்றார் குகனேஸ்வரன். “ஒரு மரத்துக்காகவா?”

“வீடு உங்களுது துரை. லோரி உங்களுது. இந்தச் சட்டையும் உங்களுது. இது ஒண்ணுதான் நான் வெச்சது.” சிங்காரம் மரத்தின்மேல் கை வைத்தார். “காய்க்கலை, ஒத்துக்கிறேன். ஆனா என்னுது. தப்பு என்மேல. மணியம்மா கொல்லையை விட்டுருங்க. இதையே வெட்டிக்குங்க.”

பெரிய துரைக்குக் கோபமும் இருந்தது, சாப்பிட்ட பழத்தின் இனிப்பும் இருந்தது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் முறைத்தார்.

“நேத்து கோயில்ல மொதக் காய்னு மைக்குல சொன்னாங்களாமே. சாமிகிட்டயுமா?”

“ஆத்தாகிட்ட நான் நேத்தே உண்மையைச் சொல்லிட்டேன் துரை” என்றாள் இராசம்மா. “கடைப் பழம், தப்பா எடுத்துக்காதன்னு.”

திருமாறன் முதல் தடவையாகச் சிரித்தார்.

“எனக்கும் மொத வாய்லயே தெரிஞ்சுபோச்சு குகன். எங்க ஊரு பழம். சாப்பிடறப்ப எதுக்குப் பேச்சுன்னு இருந்தேன்.”

லோகேஸ்வரன் பெயிண்ட் டின்னைத் தேடிக்கொண்டு காடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். இராசம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கண்ணை மூடி மாரியம்மாளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இலைகளுக்கு மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது. உதடு வேகமாக அசைந்துகொண்டிருந்தது.

“தம்பி, கொஞ்சம் இருங்க” என்றார் திருமாறன்.

அவர் மரத்துக்குப் பக்கத்தில் போனார். தண்டைத் தட்டினார். இலையைக் கசக்கி மோந்தார். ஒரு கிளையை வளைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு இன்னொன்று. இன்னொன்று.

“மரத்துல ஒரு குறையும் இல்ல. ஒரிஜினல் ஹருமானிஸ்தான். குளிருக்கு மா நல்லாப் பூக்கும். இந்நேரம் இது பூத்துத் தள்ளியிருக்கணும்.”

“அப்ப ஏன் பூக்கலைங்க?” சிங்காரம் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

“பூக்கறதுக்கு நுனி எங்க இருக்கு? பாருங்க. ஒவ்வொரு கொழுந்தும் மேல கிள்ளியிருக்கு. ஒண்ணுகூட மிச்சம் இல்ல. வருஷக்கணக்கா இப்படிக் கிள்ளித்தான் மரம் மேசை மாதிரி ஆயிருக்கு.”

“பூச்சியா?”

“பூச்சி கடிச்சா ஓட்டை விழும். இது நகத்தால கிள்ளின மாதிரி சுத்தமா இருக்கு.”

“குரங்குதான் சார்” என்றார் லோகேஸ்வரன், கையில் டின்னோடு. “காட்டுல நெறைய இருக்கு.”

“என்னமோ ஒண்ணு. அதை நிறுத்தினா அடுத்த சீசன்லயே பூக்கும். என் தோப்பு மேல சத்தியம்.”

குகனேஸ்வரன் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். செத்துப்போன அம்மாவையும் நினைத்திருக்க வேண்டும்.

“ஒரு வருஷம் தர்றேன் சிங்காரம். அதுவரைக்கும் பாதை வேலையே வேண்டாம், யாரு கொல்லையிலயும். அடுத்த வருஷம் பூவைக் காட்டுங்க. நெஜப் பூ. இல்லைன்னா லோகேஸ்வரன் பெயிண்டோட வருவாரு.”

சிங்காரத்துக்கு உயிர் திரும்பி வந்தது. ஏழு வருஷமாகக் குளிரையும் பனியையும் ஊர்க் கண்ணையும் திட்டியது எவ்வளவு முட்டாள்தனம்! எதிரி கையும் காலும் உள்ள ஒரு பிராணி என்று தெரிந்ததும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்துவிட்டது. லோரிக்கு ஓடிப்போய்க் கொழுந்து மூட்டை கட்டும் கயிற்றை எடுத்துவந்தார்.

“துரை, இனிமே ராவும் பகலும் இங்கதான் உக்காந்திருப்பேன். அந்தக் குரங்கு மட்டும் கண்ணுல படட்டும், ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டிப் போட்டுர்றேன்!”

மணியம்மா வேலியில் சாய்ந்தபடி மரத்துக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்கு எதுக்குண்ணே ராவெல்லாம் முழிக்கணும்? இங்க வந்து பாருங்க, இராசம்மாக்கா கண்ணை மூடி ஆத்தாளை வேண்டிக்கிட்டே, ரெண்டு கையாலயும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி முதுகுக்குப் பின்னால போட்டுக்கிட்டு நிக்குது, கூடைதான் இல்ல!”